மிளகாய் போடாத சல்சா

ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்ததும் பள்ளிக்கூட எழுத்தர் எல்பீதியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன துலியா, இப்படிப் பண்ணிட்டீங்க? நல்லாப் படிக்கிற பொண்ணு. உங்க வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமையே வந்து சர்ட்டிபிகேட்டெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாரே. ஹலாபாவுக்கு அனுப்பலைன்னுட்டாரு." எனக்கு முன்பே தெரிந்த விஷயம்போலத் தலையாட்டி வைத்தேன். கோயில் வாசலில் நின்று ஊருக்கு வேடிக்கை காட்ட நான் தயாராக இல்லை. வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

சுற்றியுள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹலாபா நகரத்து நர்ஸ் பள்ளியில் மூன்றே இடங்கள். அதில் ஒன்று என் மகள் மரிகுரூஸுக்குக் கிடைத்திருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குள் சர்ட்டிபிகேட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். ஹலாபாவுக்கு இன்றைய கடைசி பஸ் நான்கு மணிக்கு.

இது யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கொழுந்தன் நபோருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து மரிகுரூஸ்தான் அங்கே போய்த் தூக்குவதும் துடைப்பதும். இரண்டு வாரம் முன்னால் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டே, "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமே அண்ணி, படிப்பு எங்க ஓடிப்போகுது?" என்றான். நான் முடியாது என்று சொன்னேன். என் கணவர் ஃபெர்மின் மீன்முள்ளை எடுப்பதிலேயே குறியாக இருந்தார். வயதில் அண்ணன்தான். ஆனால் வேலை செய்வது தம்பியின் மாம்பழக் கொட்டகையில். தம்பி முன்னால் அவருக்கு வாயே கிடையாது.

அந்தத் தம்பி குடும்பத்துக்குத்தான் இன்றைக்கும் விருந்து. காலையில் வேகவைத்த கறுப்பு பீன்ஸ் பயறை நாலு தண்ணீர் விட்டு அலசினேன். அரைகுறையாக அலசினால் மாம்பழத் துண்டெல்லாம் கறுத்துப்போகும். பீன்ஸ் உடையாமல், பழம் குழையாமல் இருக்கவேண்டும். மணிலா மாம்பழத்தைத் தோல் சீவிச் சதையைச் சின்னச் சின்னதாக நறுக்கினேன். சாறு முழங்கைவரை வழிந்தது. வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. சல்சாவுக்கு இனி மிளகாய்தான் பாக்கி. கத்தி பலகையில் இறங்கிய வேகத்தில் வெளியே கோழிகள் சிதறி ஓடின.

ஃபெர்மின் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். "காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும் துலியா. தம்பிக்குப் பிடிக்கும்" என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். திரும்பிப் போகும்போது பார்த்தேன், கால்சட்டையின் பின்பையில் ஒரு பழுப்பு உறை துருத்திக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதே கால்சட்டை. துவைக்கப் போடுங்கள் என்றால் நழுவிக்கொண்டே இருந்த மர்மம் அப்போதுதான் விளங்கியது. ஒரு எட்டில் போய் உருவியிருக்கலாம். உருவினால் என்ன ஆகும்? தம்பி சொன்னான் என்று நாளைக்கே ஹலாபாவுக்குப் போய்ப் பெண்ணை இழுத்து வந்து நிறுத்துவார். அவர் கையாலேயே கொடுக்கவேண்டும். தம்பி பார்க்கக் கொடுக்கவேண்டும்.

மிளகாயைக் கையில் எடுத்தேன். கோபத்தில் இருக்கிறவள் கை பட்டால் சல்சா எரியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். பத்தொன்பது வருடமாக என் கோபமெல்லாம் அப்படித்தான் போனது. என்னைக் கேட்காமல் என் பன்றியை விற்று நபோரின் லாரிக்கு டயர் வாங்கிப் போட்டபோதும், எனக்குப் பிரசவ வலி வந்த அன்று கொட்டகையில் வேலை என்று இவர் வராமலே இருந்தபோதும், வாயில் வராததையெல்லாம் மிளகாயில் காட்டினேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளை யாருப்பா சீண்டிவிட்டது?" என்று சிரித்து இன்னொரு வாய் அள்ளிக்கொள்வார்கள். என் கோபத்தை இவ்வளவு நாளும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள், பாவிகள்.

மிளகாயைத் திரும்பக் கூடையிலேயே போட்டேன்.

விருந்துக்கு வந்து உட்கார்ந்ததும் நபோர், வறுத்த சோளரொட்டி ஒன்றில் சல்சாவைக் குவித்து வாயில் போட்டான். வழக்கம்போல ஒரு கை பியர் பாட்டிலைத் தயாராகப் பிடித்திருந்தது. மென்றான். காத்திருந்தான். எதுவும் எரியவில்லை.

"என்ன அண்ணி, மிளகாய் போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"அட, அண்ணி இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்காங்க போல!" என்றான். அவன் மனைவி சாயோ, தோளில் தூங்கும் குழந்தையோடு லேசாகச் சிரித்தாள்.

"சந்தோஷமா? இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் இவ்வளவு கோபமா இருந்ததில்ல. இன்னிக்கு வாயால சொல்றேன், கேட்டுக்குங்க. இவரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் பொண்ணோட சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்கும் சொல்லல, அவளுக்கும் சொல்லல."

மரிகுரூஸ் இன்னொரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. "அப்பா?" என்றாள். அவர் தட்டைப் பார்த்தார்.

நபோர் பாட்டிலைக் கீழே வைத்தான். "குடும்பம்னா ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதானே அண்ணி. சாயோ ஒத்தையா என்ன பண்ணுவா?"

"ஒத்தையா ஏன் பண்ணணும்? உங்க பிள்ளைங்க. நீங்க தூக்குங்க."

"துலியா, உட்காரு. சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்" என்றார் ஃபெர்மின்.

"பஸ் நாலு மணிக்கு. பின்பையில இருக்கிறதை எடுங்க."

மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினேன். மாம்பழச் சாறு காய்ந்து பிசுபிசுத்த கை. ஃபெர்மின் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான். சாயோ யாரையும் பார்க்கவில்லை.

மரிகுரூஸ் எழுந்தாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். மேஜையைச் சுற்றி வந்து, குழந்தையை நபோரின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுடைய பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

நபோர் குழந்தையின் அக்குளில் கைகொடுத்து, சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். கால்கள் அந்தரத்தில் உதைத்தன. ஃபெர்மினின் வலது கை மேஜையிலிருந்து எழுந்து, பின்பையில் இருந்த உறைவரை போய், அங்கேயே நின்றது. குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது.

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. குழந்தையைத் தூக்கவும் போகவில்லை.