ஏழாவது சேர்மானம்

1

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். தண்ணீர் பிடித்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் ஊற்றினான். 'கடலை மிட்டாய்' கவரிலிருந்து தேயிலையும் 'நயம் மிளகாய்த்தூள்' கவரிலிருந்து சீனியும்* எடுத்துப் போட்டான். குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். எட்டரைக்கு வேலைக்குப் போனான்.

* சீனாவிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். மிளகாய் அதைவிடத் தூரம், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஒன்றின் கவருக்குள் மற்றது இருப்பதில் இரண்டுக்கும் வருத்தமில்லை.

2

கதை பிறந்தது அந்தக் கவரில்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. சாபிர் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறான். (அவன் என்று எழுதுவது எனக்கு வசதி.) பட்டாசு சீசன் முடிந்தால் தின்பண்ட ஆர்டர்கள் வரும். நிறம் பிசகிய கவர்களையும் பெட்டிகளையும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். இங்கே எல்லா வீட்டு அடுப்படியும் அப்படித்தான். மேலே ஒன்று அச்சாகியிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும்.

"ஒரு சீட்டாவது எழுதி ஒட்டேன்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

"எதுக்கு? எனக்குத்தான் தெரியும்ல."

ஷிபானாவுக்குத் தெரியும். மூன்று நாள் காய்ச்சலில் அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. கவர்களுக்குள் என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, நக்கிப் பார்த்துதான் கண்டுபிடித்தான்.

3

வெள்ளிக்கிழமைகளில் அவள் ஒரு சம்பல் அரைப்பாள். ஷிபானாவின் கைமணம் அந்தச்

(நிறுத்துகிறேன். 'கைமணம்' ஊறுகாய் லேபிளில் போடுகிற வாசகம்.)

தேங்காய், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், புளி, உப்பு, கறிவேப்பிலை. ஆறும் அவனுக்குத் தெரியும். ஏழு வெள்ளிக்கிழமை அரைத்துப் பார்த்தான். தேங்காய்த் துவையல்தான் வந்தது. நான்கு மாதமாக அவனுக்கு அழுகை வரவில்லை, பசிகூட வரவில்லை. அந்த ருசி ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஏழாவதாக என்னவோ இருந்தது.

4

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். நாளுக்கு இருபது லேபிளில் சேர்மானப் பட்டியலைத் திருத்துகிறவன், ஐந்து வருடம் தின்றதில் என்ன இருந்தது என்று கேட்காமலா இருப்பான்?

இருந்தான். அப்படியே விடுகிறேன்.

கட்டிங் பிரிவு மாரிச்செல்வி அவனுடைய டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஊர்க்காரன் சரக்குல என்ன கெடக்குன்னு எழுத்தெண்ணிப் பாக்கீக. சொந்தச் சட்டியில என்ன கெடந்துச்சுன்னு தெரியலையாக்கும்? அவுக அம்மாட்ட கேளுங்கண்ணே. கடிச்சா தின்னுரப் போறாக?"

5

ஷிபானாவின் அம்மா பல்கீஸ் மாமி இருப்பது காயல்பட்டினத்தில். மகளை அடக்கம் செய்தபின் அவன் மாமிக்கு போன் செய்யவில்லை. பேசினால் அழ வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டான்.

"மாமி, சாபிர் பேசுறேன்."

"தெரியுது வாப்பா. நம்பரை நான் அழிக்கல. சாப்பிட்டீகளா?"

"வெள்ளிக்கிழமை அவ அரைக்கிற சம்பல்ல, தேங்கா, மிளகா போக வேற என்ன போடுவா?"

மாமி சிரித்தார்.

"அஞ்சு வருசமா மாசியத்* தின்னுட்டு என்னன்னு கேக்குறீக! அவ சொல்லலியா?"

"நான் கேக்கல மாமி."

"சூரை மீனு வாப்பா. அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காயவச்சது. கட்டை மாதிரி கறுப்பா இருக்கும், சீவிப் போட்டுத்தான் அரைக்கணும். போன நோன்புக்கு ரெண்டு குடுத்துவிட்டேன். ஒண்ணாவது கெடக்கும், தேடிப் பாருங்க."

அடுப்படி ஜன்னலைப் பார்த்தான். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, 'தரைச்சக்கரம்' பெட்டியில் கிடந்த கறுத்த விறகுச் சில்லு ஒன்றை எடுத்து அந்த ஜன்னல் இடுக்கில் சொருகியிருந்தான். அதன் ஒரு முனையில் கத்தியால் சீவிய தடம் இருந்தது.

* மாலத்தீவில் 'மஸ்' என்றால் மீன். சம்பல் மலாய்க்காரர்களின் சொல். அவன் தட்டுக்கு இரண்டு கடல் தாண்டி வந்திருக்கிறது. விசாரிக்காமல் தின்றிருக்கிறான்.

6

முடிவுகள்:

அவன் அதை உருவி, கழுவி, அவள் சீவிய இடத்திலிருந்து தொடர்ந்து சீவுகிறான். ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தேறும். ருசி வருகிறது. அதோடு தீர்கிறது.

அல்லது, மாமி புதிதாக அனுப்புகிறார். அனுப்பட்டும். அது வேறு மீன். அதில் அவள் கத்தி பட்டிருக்காது.

அல்லது, அது இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. அவன்

சாபிர் அதன் மேல் கை வைத்தபடி நிற்கிறான். அதற்கு மேல் எழுத மாட்டேன். உருவலாமா கூடாதா என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லும் முன் உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அன்று ஆட்டோ வந்து நின்றது. நல்ல காற்று. வாசல்வரை போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ஆஸ்பத்திரியில் அவள் பேசவேயில்லை. கடைசியாகச் சொன்னது இதுதான்:

"ஏங்க, அடுப்படி சன்னல் அடிக்குது பாருங்க. எதையாச்சும் சொருகிட்டு வாங்க."