பஸ் திரும்புகிற இடம்

"கையெழுத்துத்தான கேக்கறாங்க, கழுத்தையா கேக்கறாங்க?" என்றான் செல்லக்கண்ணு.

கனகமணி இடது காலை நேராக நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் முட்டியில் மடங்காது. மடங்காமல் போய் மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் கொண்டுவந்து போட்ட தாள் அவள் மடியில் கிடந்தது. வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. தோட்ட வேலை விட்டு வந்தவன் தலையைக்கூடத் துவட்டாமல் நின்றான்.

"படிச்சுப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். நீங்க படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கோணும்? தலைவரு எழுதிக் குடுத்தது."

"சரி, கேளுங்க" என்று அவள் வாசித்தாள். 'காலனிக்குச் செல்லும் சாலை செங்குத்தாகவும் ஆபத்தாகவும் இருப்பதால், பயணிகளின் பாதுகாப்பைக் கருதி, பேருந்து மேல் தெருப் பிள்ளையார் கோயில் வளைவிலிருந்தே புறப்படுவதில் காலனிவாசிகளாகிய எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.' கீழே முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு, பெயரையும் அவர்களே எழுதிவைத்திருந்தார்கள்: செ. கனகமணி, விபத்தில் ஊனமடைந்தவர். பி.ஏ., பி.எல். என்று போடுவார்களே, அந்த மாதிரி ஊனத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டிருந்தார்கள்.

"பஸ்ஸு காலனிக்கு வராதாம். அதுக்கு நானே சம்மதம்னு எழுதிக் குடுக்கோணுமாம்" என்றாள் கனகமணி.

சாமிமட்டத்திலிருந்து குன்னூர் பதினெட்டு கிலோமீட்டர். எண்பதுகள் பாதி கழிந்த பிறகும் சாமிமட்டத்துக்கு பஸ் கிடையாது, ஜீப்புதான். ஒன்பது பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பத்தொன்பது பேரை அடைத்துக்கொண்டு போவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போன ஜீப் ஒன்று கோயில் வளைவில், தடுப்புச் சுவர் இல்லாத இடத்தில், கீழே தேயிலைக்குள் உருண்டது. இலை பறிக்கப் போன இரண்டு பெண்கள் செத்தார்கள். கனகமணிக்கு முட்டி நொறுங்கியது.

அதற்கப்புறம்தான் ஊர் விழித்துக்கொண்டது. சாலைப் பாதுகாப்பு, பேருந்து கோரிக்கைக் குழு என்று ஒன்று ஏற்பட்டது. மேல் தெரு லிங்கசாமி தலைவர். அவரைக் குறை சொல்லக் கூடாது, மனிதர் ஊட்டிக்கும் குன்னூருக்கும் செருப்புத் தேய நடந்தார். ஆனால் அவர் கொண்டுபோன மனுக்கள் எல்லாம் கனகமணியின் கையெழுத்தில் இருந்தன. பத்தாவது வரை படித்தவள், எழுத்து அச்சு மாதிரி இருக்கும். மனுவின் முதல் வரியும் அவள் கால்தான். பத்திரிகைக்குப் படம் பிடிக்க வந்தவன் வேட்டி சட்டையில் இருந்த தலைவர்களை விட்டுவிட்டு இவள் காலைத்தான் பிடித்தான். சாலை மறியலன்று பனியில் முன்வரிசையில் உட்கார்ந்து போலீஸ் வேனில் ஏறியவர்களும் காலனிப் பெண்கள்தான். மேல் தெருக்காரர்கள் மேட்டில் நின்று கோஷம் போட்டார்கள். கோஷத்துக்கு யாரையும் பிடிக்கமாட்டார்கள் அல்லவா.

பஸ் கிடைத்துவிட்டது. பஸ் ஆபீசர் நாடாவோடு வந்து அளந்து பார்த்தார். மேல் தெரு வளைவு குறுகல், பஸ் திரும்பாது. அங்கிருந்து அரை மைல் கீழே, காலனியில், பழைய எஸ்டேட்டுக்காரன் இலை நிறுக்க வைத்திருந்த களம் கிடக்கிறது. ஊரிலேயே சமதரை அது ஒன்றுதான். "இங்கதான் திரும்பும். இங்கிருந்துதான் புறப்படும்" என்று ஆபீசர் சொன்னபோது, கனகமணி ஒரு மூலையில் நின்று அழுதாள்.

குன்னூரில் ஒரு தேயிலைக் கிடங்கில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுகிற வேலை அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு வந்தால் வேலை. வராவிட்டால் வேறு ஆள். மடங்காத காலோடு ஜீப்பில் நெருக்கி ஏற முடியாது. செங்குத்துப் பாதையில் மேல் தெருவுக்கு ஏற அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், மழை நாளில் அதுவும் முடியாது. ஏறிப் போனாலும் ஒன்றேகால் மணி நேரம் வளைவுக்கு வளைவு நின்றுகொண்டு போக அந்தக் கால் விடாது. காலனியில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஒரு சீட்டு.

மேல் தெருவுக்கு உறைத்ததும் அந்தச் சீட்டுதான். காலனியில் புறப்படுகிற பஸ் மேலே வரும்போது காலனி ஜனம் உட்கார்ந்திருக்கும். மேல் தெரு ஜனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்தவர்கள், நாலு ஆபீஸ் ஏறி இறங்கியவர்கள், சொல்வார்களா? பாதுகாப்பு என்றார்கள். இரண்டு பிணம் விழுந்து, ஒருத்தி கால் போய், ஊரே சேர்ந்து கத்தக் கற்றுக்கொண்ட சொல். அதைக் கொண்டுவந்து இதற்கு மாட்டினார்கள்.

"போடாட்டி?" என்றாள் கனகமணி.

"பஸ்ஸே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவாங்களாம். ரூட்டு வேற ஊருக்குப் போயிரும்." செல்லக்கண்ணு குரலைத் தாழ்த்தினான். "நாளையில இருந்து நம்ம தோட்டத்துக்கு வரவேண்டாம்னும் சொன்னாரு. சிரிச்சுட்டேதான் சொன்னாரு."

அவன் லிங்கசாமியின் காரட் தோட்டத்தில் பதினோரு வருஷமாக மண்வெட்டி பிடிக்கிறவன்.

அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றால், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டு இசக்கியம்மா வந்து உட்கார்ந்து, "போட்ரு கனகு. நாங்க ஏறிப் போயி நின்னுட்டே போயிக்கறோம். பஸ்ஸுன்னு ஒண்ணு வந்தாப் போதும்" என்றாள்.

"நான் எப்படி ஏறுவேன் சின்னம்மா?"

இசக்கியம்மா அவள் காலைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை லிங்கசாமியின் மனைவி மருதாம்பாளே இறங்கி வந்துவிட்டாள். காலனிக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. முட்டி வலிக்காரி, பாவம், மூச்சு வாங்கியது. வாசலில் குடையோடு நின்றாள். கனகமணி பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"இருக்கட்டும் அம்மணி, உக்காரல. உங்கிட்ட ஒளிக்க என்ன இருக்குது. எங்க வயசுப் புள்ளைங்க நின்னுட்டு வர்றதும், நீங்கல்லாம் உக்காந்துட்டு வர்றதும் பாக்க நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு."

கனகமணிக்குச் சொல்ல நிறைய இருந்தது. பின்னால் செல்லக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள்.

"எனக்குக் காலு முடியாதுங்கம்மா."

"அது எனக்குத் தெரியாதா? கண்டக்டர்கிட்ட நானே சொல்லி உனக்குன்னு ஒரு சீட்டு வாங்கித் தரேன். பின்னாடி கடைசியில உக்காந்துக்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தன் காலைக் காட்டி வாங்கிய பஸ்ஸில் தனக்கே ஒரு சீட்டு தர்மமாக வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர். இந்தப் பக்கம் புருஷனின் கூலி, அந்தப் பக்கம் காலனி ஜனத்தின் பஸ். கனகமணி பேனாவை எடுத்து அச்சு மாதிரியான எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். மருதாம்பாள் தாளை வாங்கி, நனையாமல் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

ஆனால் மலை யார் சொல்லுக்கும் கட்டுப்படாது. வெள்ளோட்டம் விட்ட அன்று கோயில் வளைவில் டிரைவர் நாச்சிமுத்து பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். மூன்றாவது தடவை எடுத்தபோது பின்சக்கரத்துக்கு அடியில் மண் பொலபொலவென்று பள்ளத்தில் சரிந்தது. கூடியிருந்தவர்கள் அலறினார்கள். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நான் புள்ளகுட்டிக்காரன் சார். இங்க திருப்ப என்னால ஆகாது."

ஆபீசர் யோசித்தார். லிங்கசாமி அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது ஒரு வழி பிறந்திருந்தது. பஸ் காலியாகக் காலனிக்கு இறங்கும். களத்தில் திரும்பும். காலியாகவே மேலே ஏறி வரும். ஆட்கள் மேல் தெருவில் ஏறுவார்கள்.

இதைக் கேட்ட பிறகும் கனகமணிக்கு நம்பிக்கை போகவில்லை. பைத்தியக்காரி. களத்தைப் பார்க்க ஆபீசர் கீழே வந்தபோது கம்பை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், எப்படியும் இங்க வந்துதான் திரும்புது. திரும்பறப்ப நாங்க ஏறிக்கலாமுங்களா?"

ஆபீசர் கெட்டவர் இல்லை. கோப்பை விரித்து, பொறுமையாகவே காட்டினார்.

"ஆபத்தான ரோடுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. மொதக் கையெழுத்தே உங்களுதுதான். இதுக்கு மேல நான் ஆள் ஏத்த விட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"வெறும் பஸ்ஸுக்கு ஆபத்து இல்லீங்களா?"

அவர் கோப்பை மூடிவிட்டார்.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கே காலனி ஜனம் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. செல்லக்கண்ணு வாசலில் குனிந்து நின்றான்.

"முதுகுல ஏறிக்க. கொண்டுபோயி உட்டுட்டு நான் தோட்டத்துக்குப் போயிக்கறேன்."

"தெனமும் தூக்குவீங்களா?"

"தூக்கறேன்." நிஜமாகத்தான் சொன்னான்.

"வேண்டாமுங்க. நீங்க வேலைக்குப் போங்க" என்றாள். அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள். வீட்டிலிருந்து நாற்பது அடிதான்.

ஆறே முக்காலுக்கு பஸ் இறங்கி வந்தது. புது பெயின்ட், உள்ளே ஐம்பது சீட்டும் காலி. பாதையில் ஏறிக்கொண்டிருந்த காலனி ஜனம் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டது. களத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மேல்முகமாகத் திரும்பி, கியர் மாற்ற நின்றது. கனகமணி கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மடங்காத காலை இழுத்து ஏறினாள். மகளிர் பக்கம் முதல் சீட்டு. ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கண்டக்டர் சில்வஸ்டர், குன்னூர்க்காரன், சின்ன வயது. பின்னாலிருந்து ஓடி வந்தான்.

"அக்கா, இங்க ஸ்டேஜ் இல்லீங்க. ஏறக் கூடாது."

"ஸ்டேஜ் இல்லாட்டிப் போகுது. டிக்கெட்டை மேல போயிக் குடுங்க."

"எனக்கு மெமோ வருமுங்க. ரோடு ஆபத்துன்னு லெட்டரே இருக்குது."

"எனக்குத் தெரியுமுங்க தம்பி. அது நான் போட்ட கையெழுத்து." அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. "இந்த பஸ்ஸுக்கு மனு எழுதுனதும் நாந்தான். உங்களுக்கு மெமோ குடுத்தாங்கன்னா, கனகமணி எறங்க மாட்டேன்னுட்டான்னு எழுதிக் குடுங்க. நான் எறங்க மாட்டேன்."

சில்வஸ்டர் டிரைவரைப் பார்த்தான். நாச்சிமுத்து கண்ணாடியில் அவளை ஒரு தரம் பார்த்தார். முதல் கியரைப் போட்டார்.

மேல் தெருவில் மாவிலைத் தோரணம், சாம்பிராணி, கூட்டம். பஸ் நின்றதும் ஜன்னலில் முதலில் தெரிந்தது கனகமணியின் முகம். லிங்கசாமி அவளைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், மாலையோடு நின்ற ஆபீசரைப் பார்த்தார். ஆபீசருக்கு முன்னால் என்ன சொல்வது? ரோடு ஆபத்து என்றா? அதோ பத்திரமாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். மாலைக்குக் கழுத்தை நீட்டினார். சாயங்காலம் செல்லக்கண்ணுவுக்குக் கணக்கு முடித்துவிடுவார் என்பது கனகமணிக்கு அந்த முகத்திலேயே தெரிந்தது. தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேல் தெரு ஜனம் முதலில் ஏறியது. ஏறியவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். பிறகு காலனி ஜனம் ஏறி நின்றது. பஸ்ஸுக்கு ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டுக் கடைசியாக மருதாம்பாள் ஏறினாள். எல்லாச் சீட்டும் நிறைந்திருந்தது, கனகமணியின் பக்கத்துச் சீட்டைத் தவிர.

"சின்னம்மா, நீ உக்காரு" என்றாள் கனகமணி.

இசக்கியம்மா மருதாம்பாளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வேண்டா கனகு. அம்மா நிக்கறாங்க" என்று இன்னும் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

விசில் அடித்தது. முதல் வளைவிலேயே மருதாம்பாள் தடுமாறிக் கம்பியைக் கட்டிப்பிடித்தாள். வலிக்கிற முட்டியை மாற்றி மாற்றி ஊன்றினாள். டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த சில்வஸ்டர், ஊருக்குப் புதுசு, விவரம் தெரியாமல் கேட்டான்.

"ஏனுங்கம்மா, முன்னாடி சீட்டு காலியா இருக்குதுங்களே. உக்காருங்க."

"இருக்கட்டுங்க" என்றாள் மருதாம்பாள். "பக்கத்துலதான் எறங்கோணும்."

"எங்கீங்க?"

"குன்னூரு."

கனகமணி இன்னும் இரண்டு வளைவு பொறுத்துப் பார்த்தாள். பிறகு முதுகை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி, அந்தக் காலிச் சீட்டின்மேல் நீட்டி வைத்துக்கொண்டாள்.