நாற்பத்திரண்டு தம்பிகள்

பதினெட்டு நிமிடம் பேசி முடித்த பிறகுதான், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது தன் தம்பி இல்லை என்று மாசானத்துக்குத் தெரிந்தது.

"அம்மைக்கு முட்டுவலி எப்படிண்ணே இருக்கு?" என்று அந்தப் பையன் கேட்டான்.

அம்மாவுக்கு முட்டுவலி கிடையாது.

"நீ யாருலே?"

"எனக்கு யாரும் வரதில்லண்ணே. நீங்க கை காட்டுனீங்க, வந்து உக்காந்தேன்."

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"முறுக்கு வச்சிருந்தீங்கல்லா."

பார்வை நேரம் இருபது நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடத்தில் என்னத்தைப் பேச? பையன் கடைசி முறுக்கையும் தின்று முடித்தான். மணி அடித்ததும் எழுந்து போய் மற்ற நாற்பத்தோரு பேரோடு கலந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எவன் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூர்நோக்கு இல்லத்துக்குள் போகிற பையன்களுக்குப் பெயர் இருக்காது. முகம் இருக்காது. குரலும் சொந்தக் குரலாக இருக்காது. சட்டம் அப்படி. பதினெட்டு வயசு ஆகாத பையனைப் பிடித்தால் அவன் பெயரை வெளியிடக் கூடாது, முகத்தைக் காட்டக் கூடாது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நிமிடமே பெயர் போய்விடும். செய்தித்தாள் படத்தில் போடுவார்களே, அந்த மாதிரி முகத்தில் கட்டம் கட்டமாக ஒரு மங்கல் விழும். குரல், டிவியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறவர்களின் தடித்த குரலாகிவிடும். எல்லாம் பையன்களின் நன்மைக்குத்தான். யாரும் குறை சொன்னதில்லை.

மாசானத்தின் தம்பி போன வெள்ளிக்கிழமை உள்ளே போனான். அன்றைக்கே ரேஷன் கார்டில் மூன்றாவது வரி வெள்ளையாகிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் மாசானத்தின் பக்கத்தில் நிற்பவனுக்கு முகத்தில் கட்டம் விழுந்தது. அம்மா பிரம்மசக்தி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். அடுப்பு ஊதுகிற மாதிரி காற்றுதான் வந்தது. இரண்டு தடவை ஊதிப் பார்த்தாள். பிறகு "சின்னவன்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க மாசானம் சனிக்கிழமை காவல் நிலையத்துக்குப் போனான்.

"யாரைத் தேடுத?" என்றார் ஏட்டையா.

"எந்தம்பிய."

"பேரு?"

மாசானம் வாயைத் திறந்தான். மேஜை மேலிருந்த தாள் பறந்தது. ஏட்டையா அதை எடுத்து அதன் மேல் டம்ளரை வைத்தார்.

"சரிதான். பேரு வாயில வந்துச்சுன்னா பய எங்கயோ ஊர் சுத்துதான்னு அர்த்தம். வரலைல்லா, அப்ப உள்ளதான் இருக்கான். எட்டாம் நம்பர் பஸ்ஸுல ஏறி, வாட்டர் டேங்க்ல எறங்கு."

நடந்தது என்னவென்றால், மாசானம் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன். கெமிஸ்ட்ரி வரவில்லை, அவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை. மைக்செட் கடையில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற வேலை. கோயில் கொடையன்று முதலாளியின் குட்டியானை வண்டியைக் கேட்காமல் எடுத்தான். பக்கத்தில் தம்பியை ஏற்றிக்கொண்டான். வண்டி நேராகப் போய் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் முட்டியது. ஊர் முழுக்கக் கரண்ட் போனது. சாமியாடிக்கொண்டிருந்தவர்கள் ஆடின வாக்கில் நின்றார்கள். வண்டியில் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாசானம் இறங்கினான். தம்பி பாட்டை நிறுத்துவதற்காக டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தான். போலீஸ் வந்தபோது அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நீதான் ஓட்டினாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறான்.

மாசானம் அப்போது மூத்திரம் பெய்யப் போயிருந்தான். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

இந்த வெள்ளிக்கிழமை காலையில், பையன்கள் வழக்கை விசாரிக்கிற நீதிக் குழுமம் உட்காரும். அங்கேயும் தம்பி ஆமாம் என்று சொன்னால் அது எழுத்தில் ஏறிவிடும். ஒரு வருடத்துக்குப் பெயர் திரும்பி வராது. பெயர் இல்லாதவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத முடியாது; விடைத்தாளில் முதல் கட்டமே பெயர்தான். அதனால் வெள்ளிக்கு முன்னால் சரியான பையனைக் கண்டுபிடித்து, "அண்ணன்தான் ஓட்டினான்னு சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

முதல் நாள், திங்கட்கிழமை, நாற்பத்திரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்தபோது மாசானம் வார்டனிடம் கேட்டான்.

"சார், சத்தமா ஒரே தடவை எல்லாருக்கும் சொல்லிட்டுப் போயிருதேன்."

வார்டன் ஞானதிரவியம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது ஆகாதுப்பா. போன மாசம் ஒரு அம்மா, 'ஆட்ட நீ எடுக்கலன்னு சொல்லுய்யா'ன்னு கத்திட்டுப் போயிட்டா. மறுநாள் குழுமத்துல நாப்பத்திரண்டு பேரும் ஆட்ட நான் எடுக்கலன்னு சொன்னானுக. அதுல முக்காவாசிப் பேரு செல்போன் கேசு. இப்ப எல்லார் மேலயும் ஆட்டுக் கேசும் நடக்கு. ஒரு பார்வையாளர், ஒரு பையன். கை காட்டு, வந்து உக்காருவான்."

மாசானம் ஒருவனைக் கை காட்டினான். வந்தவனிடம், "நம்ம வீட்டு நாய் பேரு என்னலே?" என்று கேட்டான்.

"மணி" என்றான் பையன்.

சரியான பதில். மாசானம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது பின்னால் நின்றவர்களில் ஏழு பேர் கையைத் தூக்கி, "எங்க வீட்டு நாயும் மணிதாண்ணே" என்றார்கள். ஏழு பேருக்கும் ஒரே குரல்.

செவ்வாய்க்கிழமை அம்மா யோசனை சொன்னாள். சின்னவனுக்கு வெண்டைக்காய் ஆகாது. தட்டில் விழுந்தால் எழுந்து போய்விடுவான். அம்மா இரண்டு கிலோ வாங்கிப் பொரித்துத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் வச்சுப் பாரு. எவன் ஒதுக்குதானோ, அவந்தான் நம்ம ஆளு."

வார்டன் அனுமதி கொடுத்தார்; சாப்பாட்டுக்குத் தடையில்லை. நாற்பத்திரண்டு பேரும் வெண்டைக்காயைத் தின்றார்கள். சட்டியை வழித்தார்கள். மாசானம் திரும்பி வந்து காலிச் சட்டியை அம்மா முன்னால் வைத்தான்.

அம்மா சட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவனுமா?" என்றாள்.

"அவனுந்தான்."

அன்று அவள் சாப்பிடவில்லை.

புதன்கிழமைதான் முறுக்கு. அது எப்படிப் போனது என்று சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு கையை முழங்காலில் வைத்திருந்தாள்.

"என்னாச்சு?"

"என்னன்னு தெரியலலே. இன்னைக்கு ரெண்டரை மணிலேர்ந்து முட்டு வலிக்கு. நீ அவனப் பாத்தியா?"

"வேற ஒருத்தனப் பாத்தேன்."

"அவன் அம்மை வந்தாளா?"

"அவனுக்கு யாரும் வரதில்லயாம்."

அம்மா முட்டைத் தேய்த்துக்கொண்டே முறுக்கு மாவை மறுபடி பிசைய உட்கார்ந்தாள்.

மாசானத்துக்கு ஐந்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே பாய். தம்பி தூங்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் வலது காலைத் தூக்கி மாசானத்தின் வயிற்றுக்கு மேல் போடுவான். நடுப்பகலில் படுத்தாலும் போடுவான். ஒரு மூட்டை உளுந்து கனம் இருக்கும். "காலை எடுத்துக் கீழே போடுலே, அவன் மூச்சு முட்டிச் சாகப் போறான்" என்று பத்து வருடமாக அம்மா கத்துகிறாள். இப்போது வயிறு லேசாக இருந்தது. காற்றில் எழும்பிப் போய்விடுவோமோ என்று இருந்தது.

வியாழக்கிழமை பார்வை அறையில் அதை வார்டனிடம் சொன்னான்.

"படுத்துப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும் சார். அஞ்சு நிமிசம் போதும்."

"பார்வையாளர் படுக்க விதி இல்லப்பா."

"யாரு படுக்கலாம்?"

"உள்ள இருக்கிறவங்க. மூணுல இருந்து நாலு படுக்கை நேரம்." வார்டன் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. நாளைக்குக் குழுமம். அதுக்கு முன்னால யாராவது ஒருத்தனக் கை காட்டி, இவந்தான்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. எல்லாம் நல்ல பயலுகதான். போன வருசம் ஒரு டீக்கடைக்காரர் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாரு. அவரு பையன் டீ போட மாட்டான். இவன் போடுதான். ரெண்டு வீட்டுக்கும் சந்தோசம்."

"அவரு பையன்?"

"அவன் இங்கதான் எங்கயோ இருப்பான்."

மாசானம் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நாற்பத்திரண்டு மங்கல். எல்லாம் ஒரே உயரம் மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் அவன் கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். கண் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பதிவேட்டில் முதல் கட்டம் பெயர். இரண்டாவது கட்டம் வயது. மூன்று நாளாக அதில் பதினெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தான். பதினெட்டு ஆகாதவனுக்குப் பார்வையாளர் வாசல் கிடையாது. அவனுக்கு இன்னும் பத்து நாள் குறைந்தது. அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். "பத்து நாளுதான. அது பொய்யில்லலே, அவசரம்."

"பதினெட்டுன்னு போட்டு, சீக்கிரம் கை காட்டு. நேரம் ஆகுது" என்றார் வார்டன்.

மாசானம் பதினேழு என்று எழுதினான். மூன்றாவது கட்டத்தில் வந்த காரணம் கேட்டிருந்தது. "வண்டிய ஓட்டினது நான்தான்" என்று எழுதினான். கெமிஸ்ட்ரி வராதே தவிர கையெழுத்து நன்றாக இருக்கும். அடியில் கையெழுத்தும் போட்டான்.

வார்டன் படித்துப் பார்த்தார். அவனைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்று வந்தது. பதிவேட்டின் பக்கம் ஒன்று புரண்டது. முதல் கட்டம் வெள்ளையாக இருந்தது. இனி அவன் என்று சொன்னால் போதும்.

"இந்தப் பக்கம் வாப்பா" என்று வார்டன் வேறொரு சாவியை எடுத்தார். "முறுக்க வச்சுட்டுப் போ. ஆளுக்கு ஒண்ணு வராது, பங்கு வச்சிருவேன்."

உள்ளே போகிற வழியில் கண்ணாடிப் பலகையில் விதிகள் ஒட்டியிருந்தன. கண்ணாடியில் தன் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததைப் பார்த்தான். தலையைச் சீவிக்கொண்டு வந்திருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

மூன்று மணிக்குப் பாய் விரித்தார்கள். பாய்க்குப் பாய் ஒரு அடி இடைவெளி. அவனுக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் மல்லாந்து படுத்தார்கள். மேலே மின்விசிறி சுற்றியது. அவன் நிமிடத்தை எண்ணினான்.

ஐந்தாவது நிமிடத்தில் வலது பக்கத்திலிருந்து ஒரு கால் வந்து வயிற்றின் மேல் விழுந்தது. உளுந்து மூட்டை.

"நீயாலே?" என்றான். அவனுக்கே அவன் குரல் தடித்துக் கேட்டது.

"ம்."

"நாளைக்கு ஆமான்னு சொல்லாத. நான் எழுதிக் குடுத்துட்டேன். அண்ணன்தான் ஓட்டினான்னு நீயும் சொல்லிரு. பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதணும், கேட்டியா?"

கால் அசையவில்லை.

"சரிண்ணே. ஏன் அன்னைக்கு ஓடிட்ட?"

மூத்திரம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "பயந்துட்டேன்" என்றான்.

"ம். நான் பாட்ட நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தேன். ஆளைக் காணும்."

"வெண்டைக்காயத் தின்னியாலே?"

"தின்னேன். நல்லா இருந்துச்சு."

அப்போது இடது பக்கத்திலிருந்தும் ஒரு கால் வந்து விழுந்தது. இது கொஞ்சம் லேசு. முறுக்கு வாசம் அடித்தது.

"அம்மைக்கு முட்டுவலி எப்படிண்ணே இருக்கு?"

"நேத்து ரெண்டரை மணிலேர்ந்து இருக்கு" என்றான் அவன். "தைலம் தேச்சிருக்கா."

வார்டன் பிரம்பை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பார்த்து வந்தார். அவன் கால்மாட்டில் வந்து நின்றார். குனிந்து, இடைவெளியை அடிக்கோலால் அளந்தார்.

"ஏப்பா, ரெண்டு பக்கமும் கால் கெடக்கு. அண்ணன் தம்பின்னா ஒரு கால்தான் விதி. உன் தம்பி கால வச்சுக்கோ, மத்தவன் கால எடுத்துக் கீழ போடு."

அவன் எடுத்துப் போடவில்லை.