செதில் வீட்டுக்கு வந்த மழை

புரட்டாசி முடியப் போகிறது, எம்.ரெட்டியபட்டியில் இன்னும் ஒரு பொட்டு மழை இல்லை. குதிரைவாலியையும் பருத்தியையும் புழுதியில் விதைத்துவிட்டு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மழை வரக்கூடாது என்று நினைத்தவர் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான். பெயிண்டர் இருளப்பசாமி. இத்தனைக்கும் அவருடைய ஒன்றரை ஏக்கர் விதையும் அதே புழுதிக்குள்தான் கிடந்தது.

எல்லாம் மாட்டு டாக்டர் சத்யபிரியாவின் வீட்டால் வந்தது. கொடைக்கானல் பக்கம் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்த அந்த அம்மா, வீடு கட்டியபோது அங்கே பார்த்த மாதிரியே முன்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல அடிக்கச் சொன்னார். ஊர் வாய் சும்மா இருக்குமா? 'செதில் வீடு' என்று பேர் வைத்துவிட்டது.

போன வருஷம் அந்தப் பலகைகளில் தண்ணீர் இறங்காமல் இருக்கச் சீலர் அடித்தவர் இருளப்பசாமிதான். டிராக்டர் கழுவுகிற பம்பால் சுவரில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, மேலே காய்ந்த மாதிரித் தெரிந்ததும் மறுநாளே அடித்தார். சிமெண்டுச் சுவரில் முப்பது வருஷம் பழகிய கை. மரம் உள்ளுக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும் என்பது அதற்குத் தெரியவில்லை. மூன்றே மாதத்தில் சுவர் கறுத்து, பூசியதெல்லாம் தோல் தோலாக உரிந்தது. பேச்சு அருப்புக்கோட்டை வரைக்கும் போய்விட்டது. வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கொத்தனார்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

இந்த வருஷம் டவுன் ஆள்தான் வருவான் என்று அவர் இருந்தபோது, டாக்டரம்மாவே வீடு தேடி வந்து நின்றார்.

"அண்ணே, நீங்களே வந்து செய்ங்க. தப்பு எங்கன்னு தெரிஞ்ச ஆளு நீங்கதான?"

இருளப்பசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வசவை எதிர்பார்த்து நின்றவனுக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் வேறு என்ன ஆகும்?

இந்த முறை அவசரப்படவில்லை. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தார். பிரஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மரத்தின் ரேகை ஓடுகிற வாக்கிலேயே ஒவ்வொரு பலகையாகத் தேய்த்துக் கழுவினார். ஒரு வாரம் வெயிலில் காயவிட்டார். சீலர் முதல் கோட்டு நேற்றே அடித்தாயிற்று. இன்று இரண்டாவது. அடித்து முடித்த பிறகு ஒரு பொழுது நனையாமல் இருந்தால் போதும், போன பேர் திரும்பிவிடும்.

அதனால்தான் காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் நின்று வாய்விட்டே கேட்டுவிட்டார். "தாயி, இன்னைக்கு ஒரு நா மட்டும் மழைய விட்ராத."

திரும்பினால் மனைவி முருகலட்சுமி தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள்.

"வெதைய மண்ணுல போட்டுட்டு இப்பிடிக் கேக்குற மொத ஆளு நீங்கதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று மணிக்குக் கடைசி வரிசையை முடித்துப் பிரஷைக் கழுவும்போது நரிக்குடிப் பக்கம் வானம் கறுத்தது. டாக்டரம்மா கன்று போட முடியாமல் தவித்த மாட்டைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். முதல் தூறல் இருளப்பசாமியின் கழுத்தில் விழுந்தது. ஏணியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அப்போது தெருமுனையில் முருகலட்சுமி, சுருட்டிய தார்ப்பாயைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால் ஆட்டுக்காரர் சோணைமுத்து, கம்பு காயப்போடுகிற படுதாவோடு எதிர்வீட்டு ஈஸ்வரி, இன்னும் ஏழெட்டுப் பேர்.

"ஏலே இருளப்பா, என்னலே பாத்துக்கிட்டு நிக்க? ஏணிய விடுலே!" என்று சோணைமுத்து மேலே ஏறினார்.

படுதாக்களின் மேல்விளிம்பை மொட்டைமாடிச் சுவரில் செங்கல் வைத்து அமுக்கினார்கள். ஈரப் பூச்சில் ஒட்டிவிடக் கூடாதே என்று, கீழ்விளிம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு நின்றார்கள். மழை கொட்டியது. முக்கால் மணி நேரம் ஒருவர் கையும் தளரவில்லை. தொப்பலாக நனைந்துகொண்டு, விதைத்த காடு குளிர்கிற சந்தோஷத்தில் கேலியும் சிரிப்புமாக நின்றார்கள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க இருளப்பசாமிக்குத் தாங்கவில்லை.

"ஏலே சோணை, இந்த மழை வேணாம்னு நான் சாமிகிட்டக் கேட்டேம்லே. உங்க வெதையெல்லாம் மண்ணுல கெடக்கையில கேட்டுட்டேன்."

"தெரியும்லே," என்றார் சோணைமுத்து. "உம் பொண்டாட்டி காலையிலயே வீடு வீடா வந்து சொல்லிருச்சு. 'அவுக மழை வேணாம்னு கேட்டுட்டாக, சாமி எப்பிடியும் கேக்காது. மேகத்தக் கண்டா படுதாவோட வந்துருங்க'ன்னு."

இருளப்பசாமி மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்காதது போலப் படுதாவின் நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மழை விட்டபோது டாக்டரம்மாவின் வண்டி வந்தது. படுதாக்களைத் தூக்கினார்கள். சுவரில் ஒரு சொட்டு இல்லை. பலகைகள் தேன் நிறத்தில் இருந்தன. டாக்டரம்மா கிட்டே போய் வரிசை வரிசையாகப் பார்த்தார். பிறகு, "கன்னுக்குட்டியும் பொழச்சிருச்சு, செவுரும் பொழச்சிருச்சு. நல்ல நாளுண்ணே," என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் கோயில் முன்னால் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. இருளப்பசாமி அதிலேயே நின்று கும்பிட்டார். என்ன கேட்கிறாரோ என்று முருகலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எம் பேச்சக் கேக்காம விட்டியே தாயி," என்றார் அவர். "நீ நல்லாருக்கணும்."