நத்தைக்குப் பன்மை வேண்டும்

எங்கள் அலுவலகத்தில் அரிய பிரவுசர்கள் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் நான், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாத ஒரு செடி. அவ்வளவுதான். எங்கள் தலைநகர் லூப்லியானாவில் நாலு மாடிக் கட்டடம் முழுக்க உட்கார்ந்துகொண்டு 'காவலன்' என்கிற பாதுகாப்பு மென்பொருளைச் செய்து ஊர் ஊராக விற்கிறார்கள். எல்லாரும் வைத்திருக்கிற நாலைந்து பிரவுசர்களை மேல்மாடிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். யாரோ எங்கோ பிடிவாதமாக வைத்திருக்கும் மிச்சம் மீதிகளோடு காவலன் சண்டை போடாமல் இருக்கிறதா என்று தினமும் திறந்து பார்ப்பது என் வேலை. சண்டை போட்டால் விலக்கிவிட வேண்டும். விலக்கப் போனவளுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் திட்டு வாங்கியே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

என்னிடம் இருந்ததிலேயே மிக மெதுவான பிரவுசர் நத்தை. பெயரே நத்தைதான். செல்யே ஊரில் சிரில் பொட்பெச்சன் என்பவர் எழுதியது. தொழிற்பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நத்தையில் எதை அழுத்தினாலும் உடனே நடக்காது. விரல் அடங்கும்வரை பேசாமல் இருக்கும். பிறகு "இதையா சொன்னீர்கள்?" என்று கேட்கும். ஆமாம் என்றால்தான் அடுத்த பக்கம். எனக்குப் பொறுமை கிடையாது. அதைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு அந்த மனிதரை மனதாரத் திட்டுவேன்.

அவர் அதை எழுதியது மனைவி மிலோய்காவுக்காக. அந்த அம்மாவுக்குக் கை நடுக்கம். அர்ஜென்டினாவில் ஒரு தங்கை. தங்கைக்குக் காது கேட்காது, அதனால் ஃபோன் உதவாது. தினமும் மத்தியானம் இருவரும் எழுதித்தான் பேசிக்கொள்வார்கள். முதலில் சாதாரண பிரவுசரில்தான் எழுதினார்கள். ஒருநாள் தங்கைக்கு "சாப்பிட்டாயா" என்று கேட்கப் போன விரல் எங்கெங்கோ விழுந்து, பால் கறக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டது. மூன்றாவது மாடி வீட்டுக்கு அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து, மாடு எங்கே என்று கேட்டார்களாம். அன்று உட்கார்ந்தவர்தான் சிரில்; நத்தையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த நத்தைக்கு எங்கள் யெர்னே ரூபத்தில் கண்டம் வந்தது. யெர்னே என் மேலதிகாரி. என் மகன் வயது. ஆள் கெட்டவன் இல்லை, ஆனால் விதி எழுதுகிற வியாதி உண்டு. "பயனர்கள் பயன்படுத்தும் பிரவுசர்களைக் காவலன் தொடாது, மற்றவற்றை நீக்கிவிடும்" என்று ஒரு விதி எழுதினான். அவன் மனதில் என்ன இருந்ததோ தெரியாது. நிரல் எழுதும் பிள்ளைகள் பள்ளியில் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்துத் தொலைத்தவர்கள். எங்கள் மொழியில் ஒன்றுக்கு ஒருமை, இரண்டுக்கு இருமை, பன்மை தொடங்குவதே மூன்றில்தான். 'பயனர்கள்' என்று பன்மையில் எழுதியிருக்கிறதா? அப்படியானால் குறைந்தது மூன்று பேர். அப்படியே எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு நாளில் சிரிலிடமிருந்து ஃபோன் வந்தது.

"செல்யேல இருந்து பொட்பெச்சன் பேசுறேன். உங்க காவலன் எங்க வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு எங்க பிரவுசரை வெளிய போன்னு சொல்லுது. எந்த ஊர் நியாயம் அம்மா இது?"

"புது விதி சார். மூணு பேராவது பயன்படுத்தணும்."

"இப்ப எத்தனை பேராம்?"

"ரெண்டு."



"ரெண்டா? மிலோய்கா ஒண்ணு. இன்னொரு ஆள் யாரு?" குரலில் அப்படி ஓர் ஆசை. பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார்.

"நான்தான் சார்."

"நீங்களா! பிடிச்சுப்போயா?"

"இல்ல சார். சம்பளத்துக்கு."

"அதானே பாத்தேன்."

காவலனை எடுத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. மிலோய்காவின் மருந்துச் சீட்டு வருகிற பக்கம் காவலன் இல்லாத கம்ப்யூட்டரில் திறக்காது. மருந்து வேண்டுமானால் காவலன் வேண்டும், தங்கை வேண்டுமானால் நத்தை வேண்டும். சரி, அக்கம்பக்கத்தில் யாரையாவது நத்தை போடச் சொல்லுங்கள் என்றேன். மாடிவீட்டுக்காரர் நல்ல மனசோடு ஒத்துக்கொண்டாராம். நத்தையை இறக்கியதுமே, அரிய பொருள் என்று சொல்லி அவர் வீட்டுக் காவலன் வாசலிலேயே அதை அழித்துவிட்டது. மூன்று பேர் இருந்தால்தான் உள்ளே விடுவேன், ஆனால் மூன்றாவது ஆளை உள்ளே விடமாட்டேன். இந்தக் கண்றாவிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மறுநாள் சிரில் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் வெற்றி.

"காவலன் திரையில என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்."

"'நீங்கள் அபாயத்தில் இருக்கிறீர்கள்.'"

"நீங்கள்! இருக்கிறீர்கள்! ஒருமையா, இருமையா, பன்மையா?"

"அது மரியாதைக்கு சார்."

"மரியாதைக்கோ மண்ணாங்கட்டிக்கோ, இலக்கணத்துல அது என்னம்மா?"

"பன்மை."

"அப்ப எம் பொண்டாட்டி பன்மை. நான் சொல்லல, உங்க கம்பெனி சொல்லுது. வேலை முடிஞ்சுதா? ஃபோனை வச்சிரட்டுமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு திட்டிய வாயாலேயே, பலே கிழவா என்று சொல்லிக்கொண்டேன். நேராக யெர்னேயிடம் போனேன். அவன் சிரிக்கவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான்.

"அவர் சொல்றது சரிதான் பிரேடா. இது நம்ம பக்கத்து ஓட்டை. ஊர்ல இருக்கிற ஒத்தை ஆளெல்லாம் இதைச் சொல்லிட்டு வந்துருவாங்க. அடைச்சிரணும்."

"எப்படி அடைப்பே?"

"'நீ'ன்னு மாத்திரலாம். அரிய பிரவுசர் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும். 'நீ அபாயத்தில் இருக்கிறாய்.' இங்க நாம எல்லாரும் நீ நான்னுதானே பேசிக்கிறோம்? நட்பா இருக்கும்."

"எழுபத்து மூணு வயசு அம்மாவைக் காவலன் 'நீ'ங்குமா?"

"அப்புறம் இன்னொண்ணு. உன்னையும் கணக்குல இருந்து எடுத்துட்டேன். நீ ஆள் இல்ல பிரேடா. நீ சோதனை."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. நான் ஆள் இல்லையாம்! இத்தனை வருடம் இவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நத்தையின் பின்னால் ஊர்ந்தவள் யார், என் செடியா? அவனும் பயந்துபோய்ச் சமாதானத்துக்கு வந்தான். நேரில் சரிபார்ப்பது என்று ஒரு வழி விதியிலேயே இருக்கிறது, வியாழக்கிழமை மத்தியானம் புதுப் பதிப்பு போகும்போது நீயே செல்யேயில் இரு, காவலன் கடைசியாக ஒருமுறை கேட்கும், உண்மையான ஆள் எத்தனை என்று உன் கண்ணால் பார்த்துச் சொல்லு, நீ சொல்வதுதான் முடிவு என்றான். இதுவரை நான் ஓர் அறிக்கையிலும் பொய் எழுதியதில்லை. அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளமாக அனுப்பினான்.

ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டுக்குப் போய், அங்கே ஒரே ஓர் ஆள் இருப்பதைப் பார்த்து, ஒருவர்தான் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இதற்கு ஒரு பயணம்.

கதவைத் திறந்த சிரில், வணக்கத்துக்கு முன்னால் என் பாதத்தைப் பார்த்தார். விருந்தாளிக்கு வீட்டுச் செருப்பு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"வீட்டுல பெரிய செருப்பு இல்ல. என்னோடதைப் போட்டுக்குங்க."

அவருடைய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் காலுறையோடு நடந்தார். மிலோய்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம். மடியில் இரண்டு கையும் தனியாக எதையோ பேசிக்கொள்வது போல ஆடிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் காப்பி, தட்டில் வால்நட் வைத்துச் சுருட்டிய பொத்தீத்சா கேக்.

"வாங்க வாங்க. சிரிலைத் தினம் ஃபோன்ல சமாளிக்கிறவங்க நீங்கதானா? நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், எனக்கு வேற வழியில்ல. உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"சும்மா இரு மிலோய்கா. அவங்க உன்னை எண்ண வந்திருக்காங்க."

"எண்ணட்டுமே. சீக்கிரம் முடிஞ்சிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் திரையில் தங்கைக்கு எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. "இன்றைக்குப் பிறகு எழுத முடியுமா தெரியவில்லை. நீ கவலைப்படாதே. உனக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, கம்ப்யூட்டருக்குத்தான்." அதைப் படித்ததும் கடித்த பொத்தீத்சாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் காவலன் வந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

"உன் பிரவுசர் அரியது. நீ இதைப் பயன்படுத்துகிறாயா?" கீழே ஒரே ஒரு பொத்தான்: "ஆம், நான் பயன்படுத்துகிறேன்."

"யாரிது, என்னைப் போய் 'நீ'ங்குது?" என்றார் மிலோய்கா. "முப்பது வருஷம் மருந்துக்கடையில நின்னிருக்கேன். ஊரே குடிச்சிட்டு வந்து நிக்கும். ஒருத்தன் என்னை 'நீ'ன்னதில்ல."

"தள்ளு, நான் அழுத்துறேன்," என்று சிரில் கையை நீட்டினார்.

"தொடாதே. என்னைத்தானே கேக்குது? நானே சொல்லிக்கிறேன்."

அழுத்தினார். இது நத்தை இல்லை, காவலனின் பெட்டி. விரல் அடங்கட்டும் என்று அது காத்திருக்கவில்லை, இதையா என்று கேட்கவும் இல்லை. நடுங்கும் விரல் பொத்தானின்மேல் டக்டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கையை எடுக்கப் பார்த்தார். எடுக்கிற முயற்சியில் இன்னும் நாலு விழுந்தது. லூப்லியானாவிலிருந்து பதில் வர நேரமானது. அதுவரை பொத்தானும் அங்கேயே இருந்தது. ஒருமுறை அழுத்தியதும் அதை மூடிவிட வேண்டும் என்று மேல்மாடியில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. நடுங்காத கைக்காரர்கள். தோன்றாது.

சிவப்பு போய்ப் பச்சை வந்தது. "நன்றி. இந்தப் பிரவுசரைப் பயனர்கள் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் தொடரலாம்."

சிரில் திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து இன்னொரு முறை படித்தார். 'கள்' என்பதை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு என்ன நடந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. ஓர் அழுத்தலுக்கு ஓர் ஆள். அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள், படுபாவிகள்.

என் ஃபோன் அடித்தது. யெர்னே.

"பிரேடா, அங்க என்ன நடக்குது? செல்யேல ஒரே நிமிஷத்துல நாப்பது பேர் நத்தை பயன்படுத்துறாங்கன்னு வருது! கூட்டம் எதாச்சும் கூட்டியிருக்காரா அந்தக் கிழவர்?"

இதில் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். பொத்தானில் கோளாறு, ஓர் ஆள்தான், மூடிவிடலாம். ஒரே வாக்கியம். சிரில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலுறையோடு நடுவீட்டில் நின்றார். மிலோய்கா என்னைப் பார்க்கவேயில்லை. வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கி வைத்திருந்தார், ஏதோ தப்புச் செய்துவிட்ட கையைப் போல. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"கேக்குதா பிரேடா? நிஜமாவே அங்க இருக்காங்களா? உன் கண்ணால பாத்தியா?"

நான் மிலோய்காவைப் பார்த்தேன். மரியாதைக்குரிய, எழுபத்து மூன்று வயதுப் பெண்மணி. அவரைப் பற்றி வேறு எப்படிப் பேசுவது?

"பாத்தேன் யெர்னே," என்றேன். "எதிர்லதான் உக்காந்திருக்காங்க. தங்கச்சிக்கு எழுதிக்கிட்டிருக்காங்க."