அப்பா வீட்டு நெட்

அப்பா வீட்டு ரவுட்டர் அடிக்கடி மக்கர் பண்ணும். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அது பரணை ஒட்டி உயரத்தில் இருந்தது. முட்டிவலியோடு அப்பா ஸ்டூலில் ஏறுவதைப் பார்த்தாலே தங்கைக்குப் பகீரென்றது. அப்பாவோடு இருப்பவள் அவள்தான். ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பதால் நெட் இல்லாமல் அவளுக்கும் ஆகாது.

அவளுடைய அண்ணனான அவன் வேறு ஊரில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன். லீவில் வந்தபோது சிம் கார்டு போட்ட ஒரு ப்ளக்கை ரவுட்டருக்கு மாட்டிவிட்டுப் போனான். போனிலிருந்து அதற்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். கரண்ட் நின்று, சற்று நேரத்தில் தானாகத் திரும்ப வரும்.

"என் பிள்ளை அங்க இருந்தே நம்ம வீட்டு சுவிட்சத் தட்டுறான்" என்று அப்பா தெருவெல்லாம் பெருமையடித்தார்.

அம்மா போனபின் அப்பா தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தக் கதையையும் ஸ்டாப் ஸ்டாப்பாக நிறுத்தித்தான் சொல்வார். குடை வாங்கிய கதை வீட்டைப் பூட்டுவதிலிருந்து தொடங்கும். ஒருநாள் ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டது, மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

"அப்பா, அப்புறம் பேசட்டுமா?"

"இதோ முடிச்சிட்டேன்டா."

லேப்டாப்பில் அப்பா பேசிக்கொண்டிருக்க, அவன் மேசைக்கடியில் போனை எடுத்து ப்ளக்குக்கு மெசேஜ் அனுப்பினான். வாய் திறந்தபடி அப்பாவின் முகம் திரையில் உறைந்தது.

மறுநாள் அப்பாதான் மன்னிப்புக் கேட்டார். "பாதியில போயிடுச்சுடா. உன் நேரமும் வீணாப்போச்சு."

"பரவாயில்லப்பா, லைன் அப்படி." சொல்லும்போது நாக்கு கூசவில்லை.

அதன்பின் கை பழகிவிட்டது. நண்பர்கள் காத்திருந்தால் ஒரு மெசேஜ். சில நாள் வெறும் சலிப்புக்கே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள்.

"நெட் லைன் குடுத்த கேபிள்காரரை அப்பா வாசல்லயே நிக்கவச்சு கத்திட்டார்ணா. சிக்னல் நல்லாத்தான் இருக்குன்னு அவர் மீட்டர வச்சுக் காட்டுறார், பாவம். 'என் பையன்கூட பேசும்போது மட்டும் எப்படிய்யா கரெக்டா போகும், பொய் சொல்றியா'ன்னு கேட்டுட்டார்."

"நான் வேணா அவர்கிட்ட பேசவா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ப்ளக்கு ஆஃப் ஆனா எனக்கும் மெசேஜ் வரும்ணா. நீதானே என் நம்பரையும் போட்டுக் குடுத்த."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்தே. அப்பாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

அவள் திட்டியிருந்தால் தேவலை. போனை வைத்தான். அப்பாவை வீடியோவில் கூப்பிட முகமில்லை. சாதாரண அழைப்பில்தான் கூப்பிட்டான்.

"அப்பா, ரவுட்டர்ல ஒண்ணும் இல்ல. நான்தான் ஆஃப் பண்ணினேன்."

"ஏன்டா, ஏதாவது ரிப்பேர் பார்த்தியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அப்பாவே வழி விட்டுவிட்டார்.

"இல்லப்பா. நீங்க பேசிட்டிருக்கும்போது… வேலை இருந்துச்சு. சில நாள் வேலைகூட இல்ல."

அந்தப் பக்கம் அப்பா டிவியை அணைத்தார்.

"அப்ப அந்தக் கேபிள்கார தம்பிய சும்மா திட்டிட்டேனா?" அவ்வளவுதான் அப்பா கேட்டார். "நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். வைக்கட்டுமா?"

உங்களோடு நானும் வருகிறேன் என்று சொல்லக்கூட முடியாத தூரத்தில் இருந்தான் அவன்.

அப்பா இப்போதும் கூப்பிடுகிறார். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, சரி, நீ வேலையப் பாரு. நேற்று இவனாகத் துருவித் துருவிக் கேட்டதில், பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டி மாற்றிய விஷயத்தை உற்சாகமாக ஆரம்பித்தார். பாதியில் சட்டென்று நிறுத்தினார்.

"இருக்கியாடா?"

"இருக்கேன்பா, சொல்லுங்க."

மீதியை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.