எவருடைய கைகளில்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளார்க். இந்த வயதில் ஸ்பானிஷ் படிக்க வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினால் எங்கள் கொட்டாஞ்சேனைச் சனம் சும்மா இருக்குமா? "பேர்ணடெற்றுக்கு விசர்" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வசனம். என் புருஷன் றேமண்ட் வேலை செய்த கப்பல் போன வருடம் ஸ்பெயின் கரைக்கு அப்பால் மூழ்கியது. எமிலியோ என்ற மீனவர் அவரைக் கடலிலிருந்து தூக்கினார். இரண்டு மணித்தியாலம் உயிரோடு இருந்தாராம், ஏதோ கதைத்தாராம். கரைக்கு வருமுன் எமிலியோவின் கைகளிலேயே போய்விட்டார். என் மனுஷன் என்ன சொன்னார்? அது தெரியாமல் எனக்கு நித்திரை இல்லை.

"நான் கேட்டுத் தாறேனே அன்ரி," என்றாள் ஸ்பானிஷ் படிப்பிக்கும் அஸ்கா.

"என்ர புருஷன்ர கடைசிக் கதையை இன்னொராள் கேட்கிறதோ? நானே கேட்பன்."

தமிழில் என்றால், நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஆளைக் கொண்டுவருவோம்: என் புருஷனைத் தூக்கிய மனுஷன். ஸ்பானிஷில் ஆள் முதலில் வந்து நிற்பார். 'கே', 'கியென்', 'கூயோ' என்று ஒரு சின்னச் சொல்லைக் கொளுவினால், அவர் செய்ததெல்லாம் ரயில் பெட்டி மாதிரிப் பின்னால் வரும். நான் மாதக்கணக்கில் தலைகீழாகவே கொளுவினேன்.

"ஐயோ அன்ரி, ஆள மொதல்ல சொல்லுங்க!" என்று அஸ்கா தலையில் கைவைப்பாள்.

சரியாக வந்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனூண்டு சொல், ஒரு முழு மனுஷனையும் அவன் செய்த நன்மையையும் சேர்த்துப் பிடிக்கிறதே, மாதாவே!

போன சனி பின்னேரம் வீடியோ கோல் எடுத்தோம். திரையில் நரைத்த தாடியோடு எமிலியோ. சொன்னேன்: "உஸ்தெத், என் கூயோஸ் பிறாசோஸ் முறியோ மி மறிதோ..." எவருடைய கைகளில் என் புருஷன் இறந்தாரோ அந்த நீங்கள், அவர் கடைசியாகச் சொன்னதைச் சொல்லுங்கள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். றேமண்ட் பேசியது தனக்கு விளங்காத பாஷை என்றார். ஆனால் அந்தச் சத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறாராம். மறந்துபோகுமோ என்ற பயத்தில் தினமும் படகில் சொல்லிப் பார்ப்பாராம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"நீ படு, பேர்ணி. நான் லைற்ற நூத்திட்டு வாறன்."

றேமண்டின் அதே இழுவை. வீட்டில் நிற்கிற ஒவ்வொரு இரவும் லைற்றை அணைக்கமுன் அவர் சொல்வது. அர்த்தம் தெரியாமலேயே ஒரு மனுஷன் ஒரு வருடமாக இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

நான் அழுவதைப் பார்த்து, பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லை ராசா," என்றேன், தமிழிலேயே. "இன்னொருக்காச் சொல்லுங்கோ."